சஷ்டிக்கு நேர்ந்த ஐரிஸ்

சென்ற பனிக்காலத்தில் என் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். நான் மயக்கத்தில் நிம்மதியாகக் கிடந்தேன். வெளியே காத்திருந்த மனைவிதான் முருகனுக்கு நேர்ந்தாள். நான் பிழைத்து வந்தால், அடுத்த கந்த சஷ்டியின் ஆறாம் நாள், எங்கள் வீட்டு மண்ணில் பூத்த பூவைக் கொண்டுபோய்ச் சாத்துவாளாம். மொன்றியலில் முப்பது வருடம் இருக்கிறவள். சஷ்டி வரும் ஒக்டோபர் கடைசியில் எங்கள் தோட்டத்தில் பூப்பது உறைபனி மட்டுமே என்று தெரியாதா? ஒரு ஜூலை மாதத்துக்கு நேர்ந்திருக்கக் கூடாதா? கேட்டேன்.

"உங்கடை உயிருக்கு நாள் பாத்தோ நேந்து வைக்கிறது?" என்றாள்.

வசந்தத்தில் செடிக்கடைக்காரன், வருடத்தில் இரண்டு முறை பூக்கும் ஐரிஸ் பூச்செடி என்று ஒரு தொட்டியை எங்கள் தலையில் கட்டினான். நேர்ந்தபடி அதை எங்கள் மண்ணிலேயே நட்டோம். மான் தொடவே தொடாதாம். நாங்கள் இருக்கும் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் மான்களுக்கு இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. சஷ்டி விரதம் தொடங்கிய அன்று செடியில் மூன்று மொட்டுகள். மறுநாள் காலை எண்ணினால் ஒன்று.

பக்கத்து வீட்டுக் கியூபெக் அம்மா வேலிக்கு மேலால் மானை விரட்ட வைத்தியம் சொன்னார். வெட்டிய தலைமயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடு, உரக்கடையில் விற்கும் ரத்தப் பொடி தூவு, அழுகிய முட்டையைக் கரைத்துத் தெளி. நல்ல யோசனைதான். முருகனுக்குப் போகிற பூவைச் சுற்றி மயிரும் ரத்தமும் முட்டையுமா என்று மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மானே ஓடியிருக்கும். சரி, கல்லெறிந்து கலைக்கலாம் என்றேன். அதுவும் கூடாது.

"வள்ளியைப் பெத்தது மான். சஷ்டி நாளிலை முருகன்ரை மாமிக்குக் கல்லெறியப் போறியளோ?"

ஆக, மாமியாரை நானும் தொடக் கூடாது, பூவை மாமியாரும் தொடக் கூடாது. பின்முற்றத்தில் கதிரை போட்டு, இடையில் நான் காவல். குளிர் வேறு இந்த முறை அவசரப்பட்டு வந்தது. ரேடியோவில் மைனஸ் நான்கு என்றார்கள். பழைய போர்வையால் செடியை மூடப் போனேன். படுத்த போர்வை ஆகாதாம். என் பட்டு வேட்டியை எடுத்து வந்தாள். நாலு தடி நட்டு, மொட்டில் முட்டாமல் மாலையில் போர்த்தோம், காலையில் எடுத்தோம். கலியாணத்துக்குப் பிறகு அந்த வேட்டியைக் கட்டும் பாக்கியம் எனக்கே கிடைத்ததில்லை.

ஐந்தாம் நாள் மொட்டு விரிந்தது. நல்ல ஊதா. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. விரதத்தில் வாடிய முகத்தோடு அவள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பூ கோவிலுக்குப் போகாவிட்டால் என் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்றே நம்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை நினைத்துப் பயமும் வந்தது.

ஆறாம் நாள் காலை வேட்டியை நீக்கிவிட்டு, கத்தரிக்கோல் எடுக்க உள்ளே வந்தேன். அவ்வளவுதான். ஜன்னலால் பார்த்தால் பூவுக்கு முன்னால் மான் நிற்கிறது. ஓடக் கூடாது என்று வைத்தியர் சொன்னதெல்லாம் மறந்து, வீட்டுச் செருப்போடு ஓடினேன். புல் முழுக்க உறைபனி. சறுக்கி விழுந்தேன், எழும்பினேன், மூச்சு வாங்க நெஞ்சைப் பிடித்தேன்.

"ஐயோ, பூ போனால் போகட்டும்! ஓடாதேங்கோ!"

மனைவியின் குரல்தான். கூடவே அவளுடைய சப்பாத்து ஒன்று பறந்துபோய் முருகனின் மாமியார் முதுகில் விழுந்தது. மான் வாயில் பூவோடு ஓடியது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காலில் சப்பாத்தில்லாமல் வந்து, என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று கோவிலில் எல்லோர் தட்டிலும் கடைப்பூ குவிந்திருந்தது. எங்கள் தட்டில் தேங்காயும் வாழைப்பழமும்தான். கடைப்பூ வாங்க அவள் சம்மதிக்கவில்லை. நேர்த்தி என்னவென்று அறிந்த ஐயர், "பூவெங்கை அம்மா?" என்று கேட்டார். அவள் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"இவரைக் கொண்டந்திருக்கிறன், ஐயா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் மானைத்தான் திட்டினேன்.