மெதுவாக நடப்பவர் முன்னே

பண்டாரவளையில் மலைநடை தொடங்குமுன், என்னைப்போல மெதுவாக நடப்பவரே முன்னே போகவேண்டும் என்றேன். "மாமா, நீங்க பென்சன் எடுத்தாச்சு. இது ஒங்கட கந்தோர் இல்ல, சும்மா வாங்க," என்றுவிட்டு மருமகன் முன்னே பறந்தார்.

எங்கள் காத்தான்குடி வாவிக்கரை சமதரை; திரும்பிப் பார்த்தால் பின்தங்கியவர் கண்ணுக்குத் தெரிவார். மலையில் ஒரு வளைவு போதும், ஆள் மறைந்துவிடும். மூடுபனி இறங்கியது. கத்தினேன், பதில் இல்லை. கால் வழுக்கி, பள்ளத்தின் விளிம்பில் தேயிலைச் செடியொன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தவர், "எங்க மாமா நிண்டீங்க? தேடினமே!" என்று என்னையே கோபித்தார். உயிரோடு கிடந்தது என் குற்றம் போலும்!

இப்போது எந்த மலையிலும் நானே முன்னே நடக்கிறேன். பின்னால் மருமகன் அலுத்துப் பெருமூச்சு விடுகிறார். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை யாரும் தொலையவில்லை.