குங்குமம் இல்லாத நெற்றி

உண்மையைச் சொன்னால் உத்திரமேரூரில் எங்களுக்கு மலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை கிடக்கிறது. உச்சியில் ஓர் அம்மன் கோயில். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற மாதிரி அதைத்தான் மலை என்கிறோம். காணும் பொங்கலன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி, அந்த மலையில் ஏறி இறங்கித் திரும்பி வரும் பந்தயத்தை ஊர்ப் பையன்கள் நடத்துகிறார்கள்.

இந்த வருடம் நாற்பது தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். பெயர் கொடுத்தது இரண்டே பேர்: நானும் என் நாத்தனாரும்.

கணவரின் அக்கா. பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள், பொங்கலுக்குத் தாய்வீடு வருவாள். எதிரில் "வாங்க அண்ணி" என்பேன், எழுத்தில் வெறும் ‘அவள்’தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, "பொண்ணு நல்லாத்தான் கீது, ஆனா நாலு படி ஏறவே மூச்சு வாங்குதே" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னவள். அதற்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் ஒரு நாளாவது என் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. பரிசு எவர்சில்வர் குடமாம். குடம் என் வீட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

போன வருடம் ஒரு மகானுபாவர் பாதி வழியில் புளியமர நிழலில் படுத்திருந்துவிட்டு, முதல் ஆளாகத் திரும்பிப் பரிசும் வாங்கிப் போய்விட்டார். அதனால் இந்த முறை ஒரு விதி. உச்சியில் பூசாரி வைக்கும் குங்குமம் நெற்றியில் இருந்தால்தான் மலை ஏறியதாக அர்த்தம்.

கொடியசைக்க வேண்டிய பிரமுகர் வந்து சேர ஒன்பது மணி ஆனது. வெயில் ஏறிவிட்டது. ஏரிக்கரை வரை நாத்தனார்தான் முன்னால். வழியில் தெரிந்தவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டே ஓடினாள், பாவி. ஏற்றத்தில் நின்றுவிட்டாள். "முட்டி புடிச்சிக்கிச்சு, நீ போ" என்றாள். போனேன்.

மேலே பூசாரிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. "ஓட்டம் எங்க போயிடப் போவுது? கண்ண மூடிக்கினு கும்புடும்மா" என்று மணியடித்து, கற்பூரம் காட்டி, சாவகாசமாகக் குங்குமம் வைத்தார். நான் அம்மனிடம் கேட்டதெல்லாம் பூசாரிக்குச் சுறுசுறுப்பைத்தான். திரும்பினால் நாத்தனார் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

இறங்கி ஓடினேன். அடிவாரத்து வயலில் மோட்டார் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலையைக் கொடுத்து, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆஹா! அந்தத் தெம்பில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சேர்ந்தேன். கை தட்டினார்கள். உடனே நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா ஆன்ட்டி, நெத்தி காலியா கீது?"

தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. "மூஞ்சி கழுவிட்டேம்பா" என்றேன். எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது. பூசாரிக்குப் போன் போட்டார்கள். பாறை மேல் டவர் கிடையாது. கூட்டத்திலிருந்து என் கணவர் வந்து, "நெஜமாவே ஏறினியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். கட்டியவனே இப்படி என்றால் ஊர் என்ன சொல்லும்?

மேலே அப்போது வேறு ஓட்டக்காரர் யாரும் இல்லை; மிச்சம் இருந்த சாட்சி ஒரே ஒருத்தி. அவள் "நான் பாக்கல" என்றால் முடிந்தது. ஜெயிப்பும் அவளுக்கு, அடுத்த இருபத்திரண்டு வருடப் பேச்சும் அவளுக்கு. அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கால்மணி நேரம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தாள், நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமத்தோடு. பையன்கள் ஓடிப்போய்க் கேட்டார்கள்: "இவங்க மேல வந்தாங்களாக்கா?"

"வராம? ஷூவக்கூட கழட்டாம அம்மனுக்கு முன்னால போய் நின்னுக்கினு இருந்தா, கொழுப்பெடுத்தவ! என் ரெண்டு கண்ணால பாத்தேன். கொடத்த அவகிட்டயே குடு."

கூட்டம் சிரித்தது. ஷூவைப் பற்றி எனக்கு அப்போதுதான் ஞாபகமே வந்தது.

வீடு வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்த ஷூ கதையைச் சொன்னாள். நான் ஜெயித்ததை மட்டும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு கையில் குடம், தோளில் அவள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.