அரிப்புச் சேமக்காலையில் ஓர் இலையுதிர்கால வாசனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடற்கரை பார்க்கப் போன பயணம் அல்ல. கனடாவில் இறந்துபோன என் அக்காவின் சென்ட் போத்தலை, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருக்கும் அம்மாவிடம் கொண்டுபோனேன். நவம்பர் 2 கத்தோலிக்கர்கள் இறந்தோரை நினைக்கும் நாள். அதற்கு முதல் நாள் கிளம்பினேன்.

அக்காவைக் கனடாவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா அவளைக் கண்டு பதினான்கு வருடம். ஆறு வருடத்துக்கு முன் அக்கா சென்னைக்கு வந்தபோது அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சையோடு படுக்கையில் இருந்தார், நான் மட்டும் போனேன். பத்து நாளும் அக்கா இந்த வாசனையோடுதான் திரிந்தாள். "மழையில ஊறின இலையை மிதிச்சா வாற மணம்" என்பாள். அவளிடமிருந்து எப்படி மணந்தது என்று அம்மா அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கால்வாசி மிஞ்சிய போத்தலை அக்காவின் தோழி அனுப்பியதும், இனி வாயால் விளக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

கொழும்பில் காலை 6.30க்கு பஸ். 1,900 ரூபாய், எட்டு மணி நேரம். ஏசி பஸ் என்றார்கள், அது அந்த ஏசிக்குத் தெரியாது போல. மதவாச்சி தாண்டியதும் மணிக்கட்டில் ஒருமுறை சென்ட்டை அடித்துப் பார்த்தேன். முதலில் ஆப்பிள் தோலும் கறுவாப்பட்டையும். இருபது நிமிடத்தில் காய்ந்த மரப்பட்டை, கொஞ்சம் புகை. இனி ஈர இலை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மன்னார்ப் பாலத்து உப்புக்காற்றில் எல்லாம் புளித்துப்போனது.

மன்னாரிலிருந்து அரிப்புக்குக் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 3,500. பாதி வழியில் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, பழப்புளி ஏதும் கொண்டுவாறியளோ? கொட்டுண்டு போச்சுது போல."

சிரிக்கத்தான் செய்தேன். வீட்டில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி மூன்றுதரம் மோந்தபோது சிரிப்பு வரவில்லை.

"இதுதானோ பிள்ளை?"

இல்லை. ஆனால் பதினான்கு வருடம் காத்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது? "ஓம் அம்மா" என்றேன்.

அம்மா கையை விடவில்லை. "புளிக்குதே. பிள்ளை அங்க ஒழுங்காச் சாப்பிடாமக் கிடந்திருக்கிறாள். உடம்பு சரியில்லாததை எனக்குச் சொல்லேல்லை." அன்று இரவு முழுக்க அழுதார். என் பொய்யால்தான் அழுகிறார் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தேன். கோழை.

மறுநாள் மாலை 4.45க்கு ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குப் போனோம். ஊரவர் தங்கள் உறவுகளின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திப் பன்னீர் தெளித்தார்கள். கடலில் போனவர்களுக்கும் வெளிநாட்டில் அடக்கமானவர்களுக்கும் இங்கே கல்லறை இல்லை, சேமக்காலையின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடிதான். அம்மா பையிலிருந்து பன்னீருக்குப் பதிலாக அக்காவின் போத்தலை எடுத்தார். நல்லவேளை, எங்கள் திரியை இன்னும் கொளுத்தவில்லை. பன்னீர் தெளிப்பதுபோலவே, தீரும்வரை அடித்தார். வாடைக்காற்று அதில் பாதியை அவர் முகத்திலும் கழுத்திலும் திருப்பி அடித்தது.

திரும்பி வரும்போது முழங்கால் வலியில் அம்மா என் தோளில் சாய்ந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் கழுத்தில் அந்த மணம். ஈர இலை. சென்னையில் பத்து நாள் என் பக்கத்தில் படுத்திருந்த அக்கா.

"அம்மா, நேற்று நான் பொய் சொன்னனான். அந்தப் புளிப்பு என்ர தோலின்ர மணம். அக்கா நல்லாத்தான் இருந்தவள். இப்ப நீங்கள் மணக்கிற மாதிரித்தான் அவள் மணந்தவள்."

அம்மா தன் கையை மோந்தார். சேலைத் தலைப்பை மோந்தார். திரும்பவும் கையை மோந்தார்.

"இதில என்ன பிள்ளை இருக்கு? இது என்ர மணமெல்லோ."

நவம்பரில் போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். திரும்பிவர ஓட்டோவை முன்கூட்டியே பேசிவையுங்கள். இறந்தவரின் சென்ட்டைக் கொண்டுபோவதென்றால், உங்கள் கையில் அடித்துப் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். யாருக்காகக் கொண்டுபோனேனோ அவருக்கு அது கிடைக்கவில்லை, எனக்குத்தான் கிடைத்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அன்று சேமக்காலையிலிருந்து வந்ததும் அம்மா குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் வாளியை வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.