குழாயைத் திறந்துவிட்ட பிளம்பர்

என் அக்கா புருஷன் பிளம்பர். சொட்டுகிற குழாயைக் கண்டால் மனுஷனுக்கு ஆகாது. விருந்துக்குப் போன வீட்டிலும் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாஷரை மாற்றிய பிறகுதான் சாப்பிட உட்காருவார். அப்பேர்ப்பட்டவர் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட ஆரம்பித்தால் அக்காவுக்குச் சந்தேகம் வராதா?

"என்னமோ மறைக்கிறாருடா. உள்ள நடக்கிறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு தண்ணிய விடுறாரு. நீ போய்க் கேளு" என்றாள்.

பட்டறையில் மாமா குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும், "போடா, உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார். நான் லேசில் விடுகிற ஆளா? எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம். ராத்திரியில் தூங்க விடுவதில்லையாம். இப்போது மலத்தோடு ரத்தமும் வருகிறதாம். அவர் கூட வேலை பார்த்த வெல்டருக்கு இப்படித்தான் ஆரம்பித்துப் புற்றுநோயில் முடிந்தது.

"எனக்கும் அதேதான்டா. அக்காகிட்ட சொல்லிடாத."

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா மாமா?"

"மருந்து என்ன மருந்து! லீக்னா முதல்ல மெயின் வால்வ மூடணும். தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன்."

ஊர்க் குழாயெல்லாம் பார்த்த மூளைக்கு அவ்வளவுதான் தோன்றியிருக்கிறது! தொண்டையை நனைக்க ஒரு வாய், அவ்வளவோடு பொழுதை ஓட்டியிருக்கிறார். நான் நேராகப் போய் அக்காவிடம் சொன்னேன். சொல்ல மாட்டேன் என்று நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லையே.

அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மருத்துவர் சின்ன வயசுப் பெண். மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். திரைக்குள்ளிருந்து நீண்ட அவருடைய கை என் மணிக்கட்டை நசுக்கியது.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முழங்கால நெஞ்சுகிட்ட மடக்கிக்கோங்க. முதல்ல வெளிய பாக்குறேன், அப்புறம் விரல் விட்டுப் பாக்கணும். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்."

"டார்ச் அடிச்சுப் பாத்தாப் போதாதாம்மா?"

"உள்ள மேடு பள்ளம் டார்ச்ல தெரியாதுங்களே."

தினமும் வீட்டுக்காரர்களிடம் மாமா சொல்வதும் அதுதான். குழாயை அறுத்ததும் விரலை உள்ளே விட்டுத் தடவுவார். வழவழவென்றிருந்தால் விட்டுவிடுவார். சொரசொரப்பு தட்டினால், துருப்பிடித்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்பார்.

கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"வழவழன்னு இருக்கா டாக்டர், சொரசொரன்னு இருக்கா?"

"வழவழன்னுதான் இருக்கு. மலக்குடல்ல விரல் எட்டுற வரைக்கும் கட்டி இல்ல. முன்பக்கம் புராஸ்டேட் சுரப்பி தட்டுப்படுது. பெருசாத்தான் ஆகியிருக்கு, ஆனா ரப்பர் மாதிரி சமமா இருக்கு, கல்லு மாதிரி முடிச்சு எதுவும் இல்ல. அதுதான் சிறுநீர்ப் பாதைய நெருக்குது. ஆசனவாய்ல மூலம் இருக்கு, ரத்தம் அதுலேருந்து வர்ற மாதிரி தெரியுது. தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"வால்வ மூடிட்டேன்."

மருத்துவர் திரைக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்து விழித்தார். நான்தான் விளக்கவேண்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதான் மலம் இறுகி, முக்கி முக்கி மூலம் வந்திருக்கு. வால்வத் திறந்துடுங்க. படுக்கப் போறப்ப மட்டும் குறைச்சா போதும். விரல் எட்டாத இடமும் இருக்கு, அத கேமரா விட்டுப் பாத்துடலாம். ரத்தப் பரிசோதனையும் செஞ்சுடுவோம்."

முடிவுகள் வரும்வரை எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எதிலும் புற்றுநோய் இல்லை என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

புராஸ்டேட்டுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது மாமா கழிவறைக்குள் போனார். அடுப்படியிலிருந்த அக்கா, கையில் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். குழாய்ச் சத்தம் இல்லை. அவள் கேட்கக் காத்திருந்த சத்தம் மட்டும் தடையில்லாமல் கேட்டது. "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்தாள்.

உள்ளேயிருந்து மாமா கத்தினார். "அடுப்படிக் குழாய் சொட்டுது, காதுல விழலையா? யாரு அத அப்படியே விட்டது?"

"நான்தான். வந்து நீங்களே மூடுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.