பரவைக் கிளையில் ஏறிய சரக்கு

எங்க ஜவுளிக்கடையில எல்லாக் கிளைச் சரக்கும் கம்ப்யூட்டர்ல பரவைக் கிளை பேர்லயே ஏறியிருந்துச்சு. "இம்புட்டையும் எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"ன்னு அங்க மேனேஜரா இருக்க செல்வம் அண்ணனை, கடை ஆளுக முன்னாடியே முதலாளி திட்டிட்டாரு.

இன்னைக்கு, சரக்குக் கணக்கை ஏத்துற புரோகிராம் பேக்கேஜைத் திறந்து பாத்தேன். கிளைப் பேரை வைக்கிற வேரியபிளோட ஸ்கோப், அதாவது அது செல்லுபடியாகுற எல்லை, ஒரு டாஸ்குக்குள்ளயே முடிஞ்சுருது. உள்ள பேர் மாறுறது வெளிய தெரியாது. வெளிய அதே பேர்ல இன்னொரு வேரியபிள், டெஸ்டிங்ல போட்ட 'பரவை'யோட அப்படியே கிடக்கு; சரக்கு ஏறுறது அதைப் பாத்துத்தான்.

உள்ள இருந்ததை அழிச்சேன்; பேர் வெளிய இருக்கதுலயே மாற ஆரம்பிச்சுச்சு. சரியாயிருச்சு.

முதலாளி ரூமுக்குப் போய்ச் சொன்னேன். "அடடா, பாவம்யா செல்வம்"னாரு. அம்புட்டுத்தான். டீ வந்துச்சு, குடிச்சேன்.

செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு, தப்பு கம்ப்யூட்டர்லதான்னும் முதலாளி வருத்தப்பட்டாருன்னும் சொன்னேன்.

"சரி தம்பி. அதை அவரு இங்க வந்து சொல்வாரா?"

திட்டு கடை முழுக்கக் கேட்டுச்சு. வருத்தம் ரூமைத் தாண்டல. இந்த ஸ்கோப்பை மாத்தத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கப்பா.