வாயால் அடித்த ஹாரன்

கம்பம்மெட்டில் ஜீப்பைத் தவறவிட்டு நின்ற என்னை ஓர் ஏலக்காய் வியாபாரி தன் பழைய பைக்கில் ஏற்றிக்கொண்டார். ஆள் ஒல்லி, மீசை மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். பைக்கின் முகத்தில், ஜீப்பிலிருந்து கழற்றிய ஹெட்லைட் தாம்பாளம்போல உட்கார்ந்திருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது, மூடுபனி வேறு. முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் தொண்டையைச் செருமி, "பாம்... பாம்..." என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னண்ணே, ஹாரன் இல்லையா?"

"இருக்கு தம்பி. இன்ஜின் மேக்னட்டுல வர்ற கரண்டு இந்த லைட்டுக்கே பத்தல. ஹாரன அமுக்குனா லைட்டு அணைஞ்சிரும்."

"அப்ப பழைய லைட்டையே மாட்டலாம்ல?"

"நல்லாச் சொன்ன போ! இத தூரத்துல பாத்துட்டுத்தான், ஜீப்புல பெரிய ஆளு யாரோ வர்றாகன்னு எஸ்டேட்டுல காப்பி போட்டு வைக்கிறாக."

அடுத்த வளைவில் நிஜ ஜீப்பே எதிரே உறுமியது. பயத்தில் நானும் அவரோடு சேர்ந்து "பாம்" என்று கத்தினேன். ஜீப் ஒதுங்கியது.

"டபுள் ஹாரன்!" என்று மெச்சிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கம்பம் சந்தையில் அவரைப் பார்த்தேன். வாழைத்தார்களுக்கு நடுவே நடந்து வந்தவர், முக்குத் திரும்பும்போது தொண்டையைச் செருமி, "பாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும்தான்.