அவர் செய்த ஆஸிலேட்டர்

மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. நானும் கணவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. தனியாக இருக்கும்போது இன்னும் ‘நீ, வா, போ’தான். படிப்பில் நான்தான் முந்தி. அதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து மலைக்கிராமமான போளூரின் பூண்டுத் தோட்டங்களுக்காக, மண்ணின் ஈரத்தை ரேடியோ வழியாக வீட்டுக்குச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினோம். அதன் உயிர்நாடி ஆஸிலேட்டர், ரேடியோ அலையை எழுப்பும் சுற்று. கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் அதன் அலைவரிசையும் மாறும். ஆளுக்கொன்று வடிவமைப்போம், நல்லதை எடுத்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன். என்னுடையதுதான் தேறும் என்று நினைத்திருந்தேன்.

வாரக்கணக்கில் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டினேன். அவர் சமையலுக்கும் மகளைப் பள்ளியில் விடுவதற்கும் நடுவில் ஒன்றைச் சால்டர் வைத்து முடித்தார்.

சோதிக்க முதலில் என்னுடையதை மாட்டினோம். திரையில் அலை எழுந்தது, ஆனால் அடி பருத்து, கம்பளி போர்த்தியதுபோல். சப்ளையின் சிறு இரைச்சல்கூட அதை ஆட்டியது. அவருடையது ஊசியாக நின்றது.

“எப்படி யோசிச்ச?”

“எங்க யோசிச்சேன்? நீ வாங்குன கெப்பாசிட்டர் தீந்துபோச்சு. சின்னது ஒண்ணு கெடந்துச்சு, அதையே வச்சேன்.”

அந்தச் சின்னக் கெப்பாசிட்டர்தான் மின்னழுத்தத்தின் பிடியைத் தளர்த்தி இரைச்சலை அடக்கியிருந்தது. எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சின்னதை வைத்தால் அலைவரிசை மாறும் எல்லை குறுகிவிடும்; நான் அகலமான எல்லைக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

“உன்னோடதுல ரேஞ்ச் அதிகம்ல” என்றார். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. அன்று அவர் வைத்த ரசத்தில் உப்பில்லை என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுவாரம் வெள்ளனே போளூர் போனோம். நல்ல குளிர். குளிரில் அலைவரிசை நழுவ வேண்டும், அவருடைய குறுகிய எல்லைக்குள் அதைப் பிடிக்க முடியாமல் போக வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். நழுவத்தான் செய்தது, ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. தோட்டக்கார அம்மாவின் வீட்டில் நாங்கள் வைத்த பெட்டியில் ஈரத்தின் எண் வந்துவிட்டது.

“அட, வந்துருச்சுங்க! யாருங்க செஞ்சது?”

“நாங்க ரெண்டு பேருந்தாங்க” என்றார் அவர்.

நான் ஜெயித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

இப்போது கருவிகளில் ஓடுவது அவருடையதுதான். அடுத்த கருவிக்கான ஆஸிலேட்டரை நான் வரைந்துகொண்டிருக்கிறேன். அவர் உள்ளே வந்தால் திரையை மாற்றிவிடுகிறேன்.